குந்தளா ஆடாமல் நின்ற நாற்பத்தெட்டு நாள்

ஆடாது அண்ணாச்சி. நீங்க சாயந்திரம் வரைக்கும் நின்னாலும் ஆடாது. பாப்பாவைக் கீழ இறக்கி விடுங்க, உங்க தோள்தான் வலிக்கும்.

எங்க இருந்து வர்றீங்க? திருப்பூரா? அங்க இருந்து இதுக்காகவா? போன வாரம் மதுரையில இருந்து ஒரு வேன் நிறைய வந்தாங்க. ஒருத்தர் கை தட்டிப் பார்த்தார். ஒரு அம்மா போன்ல நாதஸ்வரத்தைப் போட்டு அவ காதுகிட்ட நீட்டினாங்க. அவ காதைக்கூட அசைக்கல. எதுக்கு சுத்தி வளைக்கணும்? ஆடாது. அந்த வீடியோவை எடுத்துப் போட்டவளே நான்தான். எனக்குத் தெரியாதா?

நடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பலகையில உட்காருங்க. ஐயோ, அந்த முனையில இல்ல, நனைஞ்சு கிடக்கு. நான் யானை லத்தியை அள்ளிக்கிட்டே பேசுறேன், மூக்கைப் பொத்திக்காதீங்க, வெறும் புல்லு வாசம்தான். பாப்பாவுக்கு ஆசையா இருந்தா இவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கச் சொல்லுங்க. வாங்கிக்குவா. திம்பாளான்னு கேட்காதீங்க.

என் பேரு ஆவுடை. பாகன் சங்கரபாண்டி மக. அந்தா தூணுக்குப் பின்னால முழங்காலைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, அவர்தான் எங்க அப்பா. அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதீங்க, பதில் வராது. திமிருன்னு நினைப்பீங்க. திமிரு இல்ல.

இவ குந்தளா. எங்க அம்மன் குந்தளாம்பிகை இல்லையா, அந்தப் பேரு. முப்பத்தொரு வயசு. நாலு வயசுக் குட்டியா அஸ்ஸாம் பக்கத்துல இருந்து லாரியில வந்தாளாம். ஒரு மில் முதலாளி நேர்ந்துக்கிட்டுக் கொடுத்தது. அந்தச் சுவத்துக் கல்லைப் பாருங்க, அவர் பேரு, அவர் சம்சாரம் பேரு, பிள்ளைங்க பேரு எல்லாம் வெட்டியிருக்கு. யானை பேரு மட்டும் இல்ல.

எனக்குப் பதினேழு. பள்ளிக்கூடமா? விட்டாச்சு. பதினொண்ணாங் கிளாஸ் பாதியில. பெயிலாகி நின்னேன்னு எல்லாரும் நினைக்காங்க, அதெல்லாம் இல்ல. ஒரே பெஞ்சுல நாள் பூரா உட்கார முடியல, அவ்வளவுதான். உட்கார்ந்தா எனக்குக் கால் தன்னால ஆடும். கெமிஸ்ட்ரி மிஸ்ஸு, "பொம்பளைப் பிள்ளை காலை ஆட்டுனா குடும்பத்துக்கு ஆகாது"ன்னு ஸ்கேலால முட்டியில போடுவாங்க. நானா ஆட்டுறேன்? அதுவா ஆடுது. ஒரு நாள் பையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அப்பா திட்டுவார்னு பார்த்தா, "சரி, அந்தத் தென்னை மட்டையை எடுத்துப் போடு"ன்னார். அதோட படிப்பு முடிஞ்சுது. அதை விடுங்க.

வீடியோ கதைக்கு வர்றேன்.

போன தை மாசம். சாயரட்சைப் பூசைக்கு நாதஸ்வரம் வாசிப்பாங்க இல்லையா, அப்ப இவ இந்த வாசல்ல நின்னு ஆடிக்கிட்டிருந்தா. தலை இந்தப் பக்கம், தும்பிக்கை அந்தப் பக்கம், முன்னங்கால் ஒண்ணு லேசாத் தூக்கும், அப்புறம் அடுத்தது. தவில் அடிக்கு ஒண்ணு பிசகல. நான் பிறந்ததுல இருந்து பார்க்கிறதுதான், ஆனா அன்னைக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன். 'தாளம் தப்பாத குந்தளா'ன்னு மேல எழுதினேன். பதினோரு லட்சம் பேர் பார்த்தாங்க அண்ணாச்சி. பதினோரு லட்சம்! பெஞ்சுல என் பக்கத்துல உட்கார மாட்டேன்னு சொன்னவகூட ஹார்ட்டு போட்டிருந்தா.

அப்புறம் கூட்டம்னா கூட்டம். ஈ.ஓ. சார், அதான் கோயில் நிர்வாகம் பார்க்கிற அதிகாரி, அதுவரைக்கும் இந்தக் கொட்டில் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வருவார். அவரே வந்து 'ஆடும் யானை'ன்னு போர்டு வச்சார், அம்புக்குறி போட்டு. அப்பாவுக்குப் புதுச் சட்டை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அந்த வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருந்தார். "இது நடனம் அல்ல. கட்டிப் போட்ட விலங்குக்கு வரும் மன நோய்." அவ்வளவுதான். நான் பதிலுக்கு, "யானையை டிவியில பார்த்தவன்லாம் பேச வந்துட்டான், போடா மூதேவி"ன்னு போட்டேன். அந்த ஆள் கோபப்படல. "மேளம் இல்லாத நேரத்தில் பாருங்கள், சகோதரி"ன்னு மட்டும் போட்டார்.

சகோதரியாம்.

எனக்கு அது முள்ளு மாதிரி உள்ள நின்னுக்கிச்சு. மறுநாள் மத்தியானம் நடை சாத்தினதும் வைக்கோல் போருக்குப் பின்னால போய் உட்கார்ந்தேன். மேளம் இல்ல, மணி இல்ல, ஒரு ஈ காக்கா இல்ல. இவ ஆடினா. அதே ஆட்டம். எண்ணினேன். ஆயிரத்தைத் தாண்டுச்சு, அதுக்கு மேல எண்ண முடியல. மறுநாளும் பார்த்தேன். அதுக்கு மறுநாளும். அப்பதான் விளங்குச்சு, தவிலுக்கு இவ ஆடல. தவில்காரர்தான் இவளைப் பார்த்து வாசிச்சிருக்கார்.

அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். "அப்பா, இவ டான்ஸ் ஆடலையாம், இது சீக்காம்."

அவர் இவ தும்பிக்கையைத் தேய்ச்சுக்கிட்டே, திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னார். "டான்ஸுன்னு நான் எப்பட்டி சொன்னேன்? அவ நடக்கா."

"என்னது?"

"காட்டுல கிடந்தா ஒரு நாளைக்கு இருபது மைல், முப்பது மைல் நடப்பா. இங்கன எங்க நடக்க? நின்ன இடத்துல நடக்கா. நம்மகிட்ட வந்த நாள்ல இருந்து நடந்துக்கிட்டுத்தான் இருக்கா."

இருபத்தேழு வருசமா தெரியும் அவருக்கு. "ஏன்ப்பா சொல்லலை?"ன்னேன். "யாருட்டி கேட்டா?"ன்னார். நியாயம்தானே. யாரும் கேட்கல.

நான் அந்த வீடியோவை அழிச்சிருக்கணும். அழிக்கல. பதினோரு லட்சத்தை யாரு அழிப்பா?

ரெண்டு மாசத்துல கோர்ட்டுல இருந்து காகிதம் வந்துச்சு. யாரோ கேஸ் போட்டுட்டாங்க. யானை ஒரே இடத்துல கட்டிக் கிடந்து புத்தி பேதலிச்சிருக்கு, காப்பகத்துக்கு அனுப்பணும்னு. சாட்சி என்ன தெரியுமா? என் வீடியோ. நான் எழுதின தலைப்போட. கோர்ட்டு சொன்னது, ரெண்டு மாசத்துல ஒரு குழு வந்து நேர்ல பார்க்கும், ஆட்டம் இருந்தா யானை போகும், இல்லைன்னா இருக்கும்.

அதுக்கு முன்னாடி ஒரு டாக்டரம்மா தனியா வந்தாங்க, மாட்டு டாக்டர், குழுவுல அவங்களும் ஒரு ஆள். நல்ல மாதிரி. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு இந்தத் தரையில உட்கார்ந்து இவ பாதத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாங்க. அப்புறம் போன்ல அந்தக் காப்பகத்தைக் காட்டினாங்க. மூணு யானை. சங்கிலி கிடையாது. ஒரு கிழட்டு யானை சேத்துல விழுந்து புரளுது, எந்திரிக்கவே மனசில்லாம. இவ சேத்தைப் பார்த்தே இருபத்தேழு வருசம் ஆச்சு அண்ணாச்சி. கல்லுத் தரைதான். காலையில ஹோஸ் பைப்பு.

"நாங்களும் அங்க வரலாமா?"ன்னு கேட்டேன்.

"உங்க அப்பா ஒரு மாசம் கூட இருக்கலாம்மா. அப்புறம் அங்க இருக்கிற ஆளுங்க பழகிக்குவாங்க."

"அதுக்கப்புறம்?"

அவங்க போனை அணைச்சுப் பையில போட்டுக்கிட்டாங்க. நான் கேட்டது யானையைப் பத்தி இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. யானை போனா பாகனுக்கு என்ன வேலை? வேலை போனா வீடு கோயில் வீடு, அதுவும் போச்சு. அம்மாவுக்கு சுகர். அப்பாவுக்கு யானையை விட்டா ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட மேய்க்கத் தெரியாது. நானா? என்னைப் பத்தித்தான் சொன்னேனே.

ஊர்க்காரங்களுக்கு வேற கவலை. "அம்மன் யானையை எவன் தொடுறான்னு பார்ப்போம்"னு கடையை அடைச்சாங்க. அடைச்சுட்டு சினிமாவுக்குப் போனாங்க. ஒரு பயலும் ஒரு கட்டு புல்லு கொண்டு வரல.

ஈ.ஓ. சார் எங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சார். உட்காரச் சொன்னதே அதுதான் முதல் தடவை. "சங்கரபாண்டி, ஆடுதுங்கிறதுதான் கேஸு. ஆடலைன்னா கேஸே இல்ல. என்ன செய்வியோ"ன்னார்.

அப்பா தரையைப் பார்த்துக்கிட்டிருந்தார். நான்தான் பேசினேன். ஆமா, யோசனை என்னோடது. அப்பா மேலயோ ஈ.ஓ. மேலயோ தூக்கிப் போட மாட்டேன், எனக்கு அந்தப் புத்தி கிடையாது. முந்தின வருசம் இவளுக்கு நகத்துல சீழ் வச்சப்ப, மருந்து போடுறதுக்காகப் பத்து நாள் இறுக்கிக் கட்டியிருந்தோம். அவிழ்த்துவிட்ட பிறகும் ஒரு நாள், ரெண்டு நாள் ஆடாம நின்னா. அது எனக்கு ஞாபகம் வந்துச்சு. பத்து நாளைக்கு ரெண்டு நாள்னா, ஒரு மண்டலத்துக்கு?

மண்டலம் தெரியும்ல? நாற்பத்தெட்டு நாள். விரதம்னாலும் மருந்துன்னாலும் ஒரு மண்டலம் இருந்தா உடம்புல ஏறிடும்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. கோர்ட்டு கொடுத்தது அறுபது நாள். பத்து நாள் பேச்சுலயே போச்சு. சரியா இருந்துச்சு.

"ஒரு மண்டலமா? அவளுக்கா?"ன்னு அப்பா கேட்டார்.

"போகட்டும்னா சொல்லுங்க, அனுப்பிருவோம்"னேன். வாயை மூடிக்கிட்டார். நான் கொஞ்சம் வெடுக்குன்னுதான் பேசுவேன். யாராவது பேசணும்ல?

மறுநாள் காலையில அப்பா குளிச்சுட்டு ஈரத் துண்டோட வந்தார், கழுத்துல துளசி மாலை. மலைக்குப் போற சீசன் இல்ல, ஒண்ணும் இல்ல. "என்னப்பா?"ன்னா, "அவ மண்டலம் இருக்கா. நான் மட்டும் தின்னுட்டுத் திரியவா?"ன்னார். ஒரு வேளைச் சோறு, வெறுந்தரையில படுக்கை, செருப்புக் கிடையாது. நாற்பத்தெட்டு நாளும். மாலை போட்டு, சூடம் கொளுத்தி, அவளுக்கும் திருநீறு பூசிவிட்டுத்தான் கட்டினார். அவருக்கு அப்படி ஒரு நியாயம். அவர் விரதத்துக்கு சாமி இருந்தார், இவ விரதத்துக்கு யாருன்னு நான் கேட்கல.

எப்படின்னா, முன்னங்கால் ரெண்டையும் சேர்த்து ஒரு சங்கிலி. பின்னங்கால் ஒண்ணை இழுத்து அந்தப் பின் தூணுல. இழுத்துக் கட்டிட்டா உடம்புப் பாரத்தை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாத்த முடியாது. மாத்த முடியலைன்னா ஆட முடியாது. படுக்கவும் முடியாது, அதுவும் உண்மைதான். நின்னுக்கிட்டே தூங்குவா. யானை நின்னுக்கிட்டுத் தூங்கும் அண்ணாச்சி, அப்படி முகத்தைச் சுளிக்காதீங்க.

முதல் வாரம் மோசம். கத்தல்னா அப்படி ஒரு கத்தல். பூசை நேரத்துல சத்தம் கேட்கக்கூடாதுன்னு ஈ.ஓ. சார் மைக்குல பக்திப் பாட்டைப் பெருசா வைக்கச் சொன்னார். ரெண்டாவது வாரம் கத்தல் இல்ல, தலையை மட்டும் ஆட்டினா. இருபதாம் நாள் வாக்குல தலையும் நின்னுச்சு. தும்பிக்கை நுனி மட்டும் தரையில ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு, இப்படி, சின்னதா வட்டம். நானும் அப்பாவும் அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்போம். முப்பத்திமூணாம் நாள் அதுவும் நின்னுடுச்சு. நான்தான் முதல்ல பார்த்தேன். ஓடிப் போய் ஈ.ஓ. சாருக்கு போன் போட்டு, "சார், நின்னுடுச்சு சார்"னு கத்தினேன். அவர் ஆபீஸ்ல எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாராம். எனக்கும் ரெண்டு வந்துச்சு. அப்பாதான் விரதமாச்சே, திங்கல.

நாற்பத்தொன்பதாம் நாள் அவிழ்த்தோம். கணுக்கால்ல ஒரு விரல் ஆழத்துக்குத் தோல் போயிருந்துச்சு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சு, அதுல கரியைக் கலந்து பூசினேன். யானைத் தோல் கறுப்புத்தானே, தெரியல. மறுநாளே குழு வந்துட்டாங்க. அஞ்சு பேர். சங்கிலியே இல்லாம, வெறுங்காலோட நிறுத்தி வச்சு ரெண்டரை மணி நேரம் பார்த்தாங்க.

அசையல அண்ணாச்சி. மண்டபத்துத் தூணுல செதுக்கியிருக்கும் பாருங்க, அது மாதிரி. ஈ உட்கார்ந்துச்சு, அதைக்கூட ஓட்டல. ஒரு பெரியவர், "எவ்வளவு சாந்தம்"னு சொல்லி எழுதிக்கிட்டார். இன்னொருத்தர் பக்கத்துல நின்னு செல்பி எடுத்தார்.

டாக்டரம்மா மட்டும் குனிஞ்சு கணுக்காலைத் தொட்டாங்க. விரல் கறுப்பாச்சு. அந்த விரலையே பார்த்துக்கிட்டு, "இது என்ன ஆவுடை?"ன்னாங்க. "மருந்து"ன்னேன். மருந்துதான். அப்புறம் எந்திரிச்சு என் மூஞ்சிக்கு நேரா நின்னு, சன்னமா கேட்டாங்க. "ஆவுடை, நீ சொல்லு. இவ ஆடுவாளா?"

நான் பொய் சொல்ல மாட்டேன். எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க. அவங்க கண்ணைப் பார்த்தேதான் சொன்னேன். "ஆட மாட்டா டாக்டர்."

அது உண்மைதானே? உண்மையிலேயே அவ ஆட மாட்டா. நான் சொன்னதுல எது பொய்?

யானை ஆரோக்கியமா இருக்கு, அமைதியா இருக்கு, கோயில்லயே இருக்கலாம்னு தீர்ப்பு வந்துச்சு. வெடி போட்டாங்க. எங்க வீடு எங்களுக்கு நின்னுச்சு. அப்பா மாலையைக் கழட்டினார்.

கழட்டிட்டு வந்து இவ முன்னால நின்னார். இப்ப பழையபடி ஒரு கால் சங்கிலிதான், தாராளமா ஆடலாம். ரொம்ப நேரம் நின்னு பார்த்தார். இவ தும்பிக்கையைப் பிடிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசா ஆட்டிவிட்டார். விட்டதும் அது கயிறு மாதிரி தொங்குச்சு. அப்ப ஒண்ணு சொன்னார். அதுக்கப்புறம் அவர் அதிகமாப் பேசல.

"நடக்கதையும் நிப்பாட்டிட்டாட்டி."

இது நடந்து அஞ்சு மாசம். பழம் கொடுத்தா வாங்குவா, வாயில வைப்பா, மெல்ல மாட்டா, கொஞ்ச நேரத்துல அது கீழ விழும். மண்ணை அள்ளிப் போட்டுக்கிறது கிடையாது. குளிப்பாட்டினா முன்னெல்லாம் ஹோஸைப் பிடுங்கி என் மேலயே அடிப்பா, சனியன். இப்ப நான் எவ்வளவு நேரம் தண்ணி அடிச்சாலும் அடிக்கிற இடத்துல நிப்பா. விலா எலும்பை எண்ணலாம், பாருங்க. அந்த டாக்டர் இந்த டாக்டர் எல்லாரும் பார்த்தாச்சு. ரத்தத்துல ஒண்ணும் இல்லையாம்.

இதுல ஈ.ஓ. சார் கூத்தைக் கேளுங்க. கூட்டம் குறைஞ்சுபோச்சு இல்லையா, போன மாசம் வந்து, "ஏம்மா ஆவுடை, தேரோட்டத்துக்கு மட்டும் ஆட வைக்க முடியுமா?"ன்னு கேட்டார். "கேஸ்தான் முடிஞ்சிருச்சே!"ன்னார். நான், "நீங்க ஆடுங்க சார், நான் வீடியோ எடுக்கேன்"னுட்டேன். அப்பா வேலைக்குப் பயந்துதான் அந்த அளவோட நிறுத்தினேன்.

ஒரு தடவை டாக்டரம்மாவுக்கு நானே போன் போட்டேன். ஏன்னு தெரியல, போட்டேன். "அன்னைக்கு நாங்க கட்டித்தான் வச்சிருந்தோம் டாக்டர். நாற்பத்தெட்டு நாள்"னு சொன்னேன். அவங்க ஆச்சரியப்படல. "எழுதிக் கொடுப்பியா ஆவுடை? எழுதிக் கொடுத்தா கேஸைத் திரும்ப எடுக்கலாம். இன்னும் இடம் இருக்கு அங்க"ன்னாங்க.

"எழுதினா எங்க அப்பாவை என்ன பண்ணுவாங்க?"

"வழக்கு வரும். மறைக்க மாட்டேன்."

அவங்களும் என்னை மாதிரிதான், பொய் சொல்றதில்லை. "எழுதுறதுக்கு இஷ்டமிருந்தா நான் பள்ளிக்கூடத்துலயே இருந்திருப்பேனே டாக்டர்"னு சொல்லிச் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. வச்சுட்டாங்க. ரெண்டு தடவை திரும்ப அவங்களே கூப்பிட்டாங்க. நான் எடுக்கல.

எழுதலாம். ஒரு பக்கம்கூட வராது. ஆனா யோசிச்சுப் பாருங்க, எழுதி, அப்பா ஜெயிலுக்குப் போய், நாங்க தெருவுல நின்னு, இவ அங்க போய் அந்தச் சேத்துக்கு முன்னாலயும் இப்படியே நின்னுட்டா? யாருக்கு என்ன லாபம்? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க.

இருங்க, அந்தா மணி அடிக்கான். நடை திறக்கப் போறாங்க, அதுக்குள்ள சங்கிலியைக் கால் மாத்திடணும். ஒரே கால்ல கிடந்தா புண்ணு ஆறாது. பாப்பா பயப்படாம பார்க்கட்டும். குந்தளா, கால்.

பார்த்தீங்களா? நான் இன்னும் சங்கிலியைக் கையில எடுக்கவே இல்ல, அதுக்குள்ள தூக்கிட்டா. புண்ணு இருக்கிற கால் எது, இல்லாத கால் எதுன்னு அவளுக்கே தெரியும். யானையைக் கட்டாயப்படுத்துறோம்னு கோர்ட்டுல எழுதியிருந்தாங்க. நீங்களே பக்கத்துல நின்னு பார்க்கீங்க. நான் அடிச்சேனா? அதட்டினேனா? அந்த முதல் நாள், மண்டலத்துக்குக் கட்டின அன்னைக்குக்கூட இப்படித்தான். நான் 'கால்'னேன். தூக்கிக் கொடுத்தா.

போன வாரம் இப்படித்தான் 'கால்'னு சொல்லிட்டு நிக்கிறேன், அம்மா கூப்பிட்டாங்கன்னு வீட்டுக்குப் போயிட்டேன். அங்க சோறு வடிச்சு, துணியைக் காயப் போட்டு, இவளைச் சுத்தமா மறந்துட்டேன். வந்து பார்க்கேன், தூக்கின காலை இன்னும் கீழ வைக்கல. அந்தரத்துல வச்சுக்கிட்டு நிக்கா. தொடையெல்லாம் நடுங்குது.

பாசம் இல்லாம அப்படி நிப்பாளா?

சொல்லுங்க அண்ணாச்சி. நிப்பாளா?